குளிர்கால வீல் செட்: 19-லிருந்து 17 இஞ்சுக்குப் போகலாமா? காற்றழுத்த சென்சார் அவசியமா?

பனிச்சாலை:
வணக்கம். எங்கள் குடும்ப எஸ்யூவியில் கம்பெனியிலிருந்து வந்தது 19 இஞ்ச் அலாய், டயர் 235/55 ஆர் 19. குளிர்காலத்துக்கென்று தனியாக ஒரு வீல் செட் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். 17 இஞ்ச் ரிம்மில் 225/65 ஆர் 17 போடுங்கள் என்கிறார் கடைக்காரர். இதே வண்டியின் அடிப்படை மாடலுக்கு அந்த அளவுதான் வருகிறது.

சந்தேகம் இரண்டு. ரிம்மில் போல்ட் வட்டம் 5 × 114.3 (114.3 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளை), அது பொருந்துகிறது. ஆனால் நடுத்துளை 73.1 மி.மீ. என்று போட்டிருக்கிறது, வண்டிக்கு 60.1. இப்படி மாட்டலாமா? அடுத்தது, புது செட்டில் சென்சார் போடாவிட்டால் மஞ்சள் விளக்கு எரியும், அவ்வளவுதான், வண்டி ஓடும் என்கிறார் நண்பர் ஒருவர். பின் சீட்டில் பிள்ளைகள் உட்கார்ந்து வருகிற வண்டி. மனசு ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருகுசாவி:
17-க்குத் தாராளமாகப் போங்கள். பனிக்கு அடியில் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் ரிம் தப்பிக்கும். உங்கள் 19-இன் மொத்த விட்டம் சுமார் 741 மி.மீ., 17-க்கு 724. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 98-க்குப் பக்கத்தில் இருக்கும், அது பிரச்சினையே இல்லை. லோட் இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண், மட்டும் பழைய டயருக்குக் குறையக் கூடாது. பக்கச்சுவரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்படிகமும் உள்ள சின்னத்தைப் பாருங்கள், அதுதான் குளிர்கால டயருக்கு அடையாளம். எம் பிளஸ் எஸ் (M+S, சேறும் பனியும்) எழுத்து மட்டும் இருந்தால் போதாது.

அடிப்படை மாடலுக்கு 17 வருகிறது என்றாலும் உங்கள் மாடலின் பிரேக் காலிப்பரும் (பிரேக் தட்டைப் பிடிக்கிற பாகம்) அதே அளவுதானா என்று பார்க்க வேண்டும். 17 இஞ்ச் என்று எழுதியிருக்கிற எல்லா ரிம்மும் உள்ளே ஒரே வடிவம் இல்லை. ஒரு ரிம்மை முதலில் டயர் இல்லாமல் முன் ஹப்பில் (வண்டியில் வீல் உட்காரும் நடுப்பாகம்) மாட்டி, நட்டுகளைப் போட்டு, கையாலேயே முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே பேலன்ஸ் வெயிட் ஒட்டவும் இடம் வேண்டும். டயர் ஏற்றிவிட்டால் கடையில் ரிம்மைத் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால்தான் சொல்கிறேன். ரிம்மின் ஈடி எண்ணும் (ET, வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) கம்பெனி ரிம்முக்கு நெருக்கமாக இருக்கட்டும்.

நடுத்துளை பெரிதாக இருக்கலாம், ஆனால் அந்த இடைவெளியை அடைக்கிற வளையம், 73.1-க்கு 60.1 ஹப் ரிங், கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் வீல் நட்டுகளை மட்டும் நம்பி மையத்தில் உட்கார வேண்டியிருக்கும். கொஞ்சம் விலகினாலும் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். உப்பு போடுகிற சாலைக்குப் பிளாஸ்டிக் ரிங்தான் என் சிபாரிசு. அலுமினிய ரிங் துருவோடு சேர்ந்து ஹப்பில் இறுகிக்கொள்ளும்.

எல்லோரும் விட்டுவிடுகிற விஷயம் நட்டு. பழைய நட்டு புது ரிம்முக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஹோண்டா கம்பெனி ரிம்முக்கு நட்டின் அடி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்குகிற ரிம் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு. உருண்டை நட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் முறுக்கு சரியாகவே காட்டும், ஆனால் ஓட ஓடத் தளரும். நட்டைக் கையில் எடுத்துக் குழியில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சென்சார் போடுங்கள். மற்றதில் மிச்சம் பிடிக்கலாம், இதில் வேண்டாம்.

குளிர்காற்று:
நான் சென்சார் இல்லாமல்தான் ஓட்டுகிறேன். வாராவாரம் காலையில் கேஜ் வைத்துப் பார்த்துவிடுவேன். விளக்கு அது பாட்டுக்கு எரியட்டும், எதற்கு வீண் செலவு?

திருகுசாவி:
கேஜ் வைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம், சென்சார் இருந்தாலும் அதை விடாதீர்கள். ஆனால் அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். சாவி போட்டதும் எரிந்து, சிமிட்டாமல் அப்படியே எரிந்துகொண்டிருந்தால் காற்று குறைவு. ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டுப் பிறகு அணையாமல் எரிந்தால், சென்சாரையே காணோம் என்று அர்த்தம். குளிர்காலம் முழுக்க இப்படி எரிகிற வண்டியில், நெடுஞ்சாலையில் ஆணி ஏறிக் காற்று இறங்கினாலும் அதே விளக்குத்தான் எரியும். கேஜ் அப்போது வீட்டில் இருக்கும்.

அதுவும் குளிரில்தான் காற்று அதிகம் இறங்குகிறது. 20 டிகிரி இருக்கிற அறைக்குள் 35 பிஎஸ்ஐ அடித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மைனஸ் 15-இல் வண்டி ராத்திரி முழுக்க நின்றால் காலையில் 29 தான் இருக்கும். டயரில் ஓட்டையே இல்லாமல் 6 பிஎஸ்ஐ போய்விட்டது. அமெரிக்க விதிப்படி, குறித்த அழுத்தத்துக்கு 25 சதவீதம் கீழே, அதாவது 26-ஐ ஒட்டித்தான் விளக்கு எரிந்தாக வேண்டும். இந்த 29-க்கும் 26-க்கும் நடுவில் ஓட்டுகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம். ஆகவே கேஜும் வேண்டும், சென்சாரும் வேண்டும். வண்டி வெளியே நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கிற அளவுக்கு அடியுங்கள். அதில் 17 இஞ்சுக்கு அளவு இல்லையென்றால் கையேட்டில் பாருங்கள். டயரில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதற்கு அடிக்கக் கூடாது.

வெள்ளைத்தார்:
ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். எல்லா வண்டிக்கும் வீலுக்குள் சென்சார் கிடையாது. சில வண்டிகள் ஏபிஎஸ் சென்சார் வழியாக வீல் சுற்றும் வேகத்தை வைத்தே காற்று குறைந்ததைக் கணிக்கும். அதில் ஒன்றும் வாங்க வேண்டாம், வீல் மாற்றிக் காற்றைச் சரிசெய்த பிறகு மெனுவில் போய் ரீசெட் கொடுத்தால் போதும். டாஷ்போர்டில் ஒவ்வொரு டயரின் அழுத்தமும் தனித்தனியாகத் தெரிந்தால் உள்ளே சென்சார் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சென்சார் வாங்கினால் வால்வையும் பாருங்கள் அக்கா. உப்புச் சாலையில் அலுமினியத் தண்டின் மேல் பித்தளை மூடி போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மூடியைத் திருகினால் தண்டே கையோடு வந்துவிடும். பிளாஸ்டிக் மூடி போதும். தண்டுக்கு உள்ளே காற்றை அடைக்கிற ஊசி, அதாவது வால்வு கோர், நிக்கல் பூசியதாகத்தான் இருக்க வேண்டும்.

பனிச்சாலை:
எங்கள் வண்டியில் நான்கு டயரின் அழுத்தமும் தனித்தனியாகத் தெரிகிறது, அதனால் சென்சார் வாங்குகிறோம். பழைய சென்சாரின் ஐடியையே (வண்டி சென்சாரை அடையாளம் காணும் எண்) புதியதில் ஏற்றித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். அது நல்லதா, புது ஐடியை வண்டியில் பதிவதா?

திருகுசாவி:
முதலில் கையேட்டைப் பாருங்கள். சில வண்டிகள் இரண்டாவது வீல் செட்டின் ஐடியையும் நினைவில் வைத்துக்கொள்ளும், மெனுவில் மாற்றிக்கொண்டால் போதும். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே கற்றுக்கொள்ளும். இந்த இரண்டும் இல்லாமல் ஒவ்வொரு சீசனும் ஸ்கேனர் கருவியோடு பதிய வேண்டிய வண்டி என்றால், ஐடியை நகலெடுப்பது நல்ல வழி. வண்டிக்கு வீல் மாறியதே தெரியாது. எந்த ஐடி எந்த மூலைக்கு என்று வால்வுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் இடது முன்னால் இறங்கினால் வலது பின்னால் காட்டும். இரண்டு செட்டுக்கும் ஒரே ஐடி என்பதால், கழற்றிய செட்டை வண்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அடுக்கவும் கூடாது.

அலைவரிசையும் பார்த்து வாங்குங்கள். வட அமெரிக்க வண்டிகளில் 315 மெகாஹெர்ட்ஸும் உண்டு, 433-உம் உண்டு. ஐரோப்பிய வண்டிகளுக்கு 433. பேட்டரி 5 முதல் 10 வருடம் வரும், தீர்ந்தால் பேட்டரியை மாற்ற முடியாது, சென்சாரையே மாற்ற வேண்டும்.

மாட்டும் அன்று ஹப்பில் இருக்கிற துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். மறையில் எண்ணெய் போட விடாதீர்கள். கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு, டார்க் ரெஞ்சால், குறுக்கும் நெடுக்குமாக முறுக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை நீங்களே ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். ஏதாவது நட்டு திரும்பினால் எல்லாவற்றையும் கழற்றி, குழியில் நட்டு முழுதாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.