கலர் நெகட்டிவ் ஸ்கேனில் வானவில் வளையம்: வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கலர் பிலிமை வீட்டிலேயே சி-41 (கலர் நெகட்டிவுக்கான வழக்கமான மருந்து முறை) முறையில் கழுவுகிறேன். டெவலப்பர் 38 டிகிரி, 3 நிமிடம் 15 நொடி. அதில் குறையில்லை, ஓரத்து எண்கள் அடர்த்தியாகத் தெளிவாக விழுகின்றன. போர் தண்ணீர் உப்புக் கறை விடும் என்பதால் கடைசிக் குளியலான ஸ்டெபிலைசரை டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்குகிறேன்.

தொல்லையே காய்ந்த பிறகுதான். பிலிம் குறுக்குவாட்டில் வளைந்துகொள்கிறது. பிளாட்பெட் ஸ்கேனரில் வைத்தால், வழவழப்பான முதுகுப்பக்கம் கண்ணாடியைத் தொடும் இடத்தில் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய் போல வானவில் நிறத்தில் நியூட்டன் வளையங்கள். வெறும் வானத்திலோ முகத்திலோ விழுந்தால் எடுக்கவே முடியவில்லை. மங்கலான மருந்துப் பக்கத்தைக் கீழே வைத்தால் குறைகிறது. படம் இடவலம் மாறும், அதைத் திருப்பிக்கொள்ளலாம். ஆனால் முழுதாகப் போகவில்லை.

கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துத் தட்டையாக்குகிறீர்களா? எவ்வளவு நேரம்? ஆன்டி-நியூட்டன் கண்ணாடியை (இந்த வளையம் விழாதபடி லேசாகச் சொரசொரப்பாக்கியது) அளவுக்கு வெட்டித் தரும் கடை யாருக்காவது தெரியுமா?

அப்புறம், ஆரஞ்சு மாஸ்க், அதாவது கலர் நெகட்டிவ் முழுக்க இருக்கும் ஆரஞ்சுச் சாயல். படம் விழாத ஓரத்தைத் தொட்டு நிறத்தைக் கழித்தும் நிழல்களில் நீலம் நிற்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்களையும் தனித்தனியாகச் சரிசெய்பவர்கள் உங்கள் வரிசையைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். அம்மா அப்பா படங்கள் இந்தச் சுருளில் இருக்கின்றன; அவர்கள் தோல் நிறம் அப்படியே வர வேண்டும்.