கையிறுக்குக் கவ்வியின் பிடியிழப்பு: ஒரு சொல் போதுமா?

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மின்கலத் துளைப்பானின் பழுதுநீக்கக் குறிப்புகளைத் தமிழில் எழுதும்போது, சக் (chuck, துளையிடும் அலகைப் பிடித்திருக்கும் முன்பகுதி) தன் பிடியை விட்டுவிடும் கோளாறுக்குப் "பிடி தளர்தல்" என்ற ஒரே சொல்லை எல்லா இடங்களிலும் ஆளலாம் என்று முந்தைய மடலில் ஒரு கருத்து வந்திருந்தது. அது இயல்பான தமிழ்தான். பட்டறையில் நிற்பவரும் அப்படித்தான் சொல்வார். ஆயினும் அந்த ஒரு சொல்லுக்குள் தம்முள் தொடர்பில்லாத மூன்று கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்குரிய தீர்வு மற்றொன்றுக்குப் பயன்படாது என்பதால், சொல்லைப் பிரித்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கருவியின் பெயர். சக்குக்குப் "பற்றி" என்று சிலர் எழுதுகிறார்கள். ஒரு பொருளைக் குறித்துப் பேச நாம் நாள்தோறும் ஆளும் "பற்றி" என்னும் இடைச்சொல்லோடு அது ஒவ்வொரு வரியிலும் மோதும். உள்ளே இருக்கும் மூன்று உறுப்புகளைத் தாடைகள் என்றே நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். தாடை செய்யும் வேலை கவ்வுதல். ஆகவே "கவ்வி" என்பதே பொருந்தும். மேசையில் பலகையை இறுக்கும் கருவியையும் சிலர் கவ்வி என்பதால், முதன்முறை வருமிடத்தில் "சுழல்கவ்வி" என்று எழுதிவிட்டு, பிறகு கவ்வி என்று சுருக்கிக்கொள்ளலாம். வினைத்தொகையாதலால் சுழல்காற்று போலவே இதிலும் லகரம் திரியாது.

சாவியின்றிக் கையாலேயே இறுக்கும் சக்குக்குச் (keyless chuck) "சாவியில்லாக் கவ்வி" என்பதை விடக் "கையிறுக்குக் கவ்வி" என்பதையே விரும்புகிறேன். மூன்று தாடைக் கவ்வியைப் பற்சாவியால் இறுக்கும் அமைப்புக்கு ஆர்தர் இர்விங் ஜேக்கப்ஸ் 1902-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அந்தச் சாவியின் பற்கள் கை விசையைப் பன்மடங்காக்கித் தரும். சாவி போனபின் அந்தப் பெருக்கமும் போய்விட்டது. வளையத்தைத் திருகும் கையின் வலிவும், உள்ளே உள்ள புரிகளின் (திருகு வரிகளின்) வழவழப்புமே பிடியைத் தீர்மானிக்கின்றன. இல்லாத சாவியைச் சொல்வதை விட, இறுக்குவது கைதான் என்று சொல்லும் பெயர் பயனருக்கு உதவும்.

இனிக் கோளாறுகள். கவ்வியின் உடலில் மூன்று சாய்வான துளைகள் உள்ளன. அவற்றில் தாடைகள் வழுக்கிச் செல்கின்றன. தாடைகளின் முதுகில் புரிகள் வெட்டப்பட்டிருக்கும். வெளிவளையத்தைத் திருப்பினால் அதனோடு இணைந்த மரையும் (நட்டும்) சுழன்று தாடைகளை முன்னே தள்ள, அவை ஒன்றையொன்று நெருங்கி அலகின் அடித்தண்டாகிய காம்பைக் கவ்வுகின்றன. இந்த மரை இறுக்கும் திசைக்கு எதிராகச் சுழன்று தாடைகள் தாமே விரிவதே முதல் கோளாறு. அலகு இடித்தபடியே சுழலும் சுத்தி முறையில் எழும் அதிர்வு இதற்கு ஒரு காரணம். மற்றொன்று பலர் கவனிக்காதது: விசைப்பொத்தானை விட்டவுடன் மின்தடுப்பு (பிரேக்) மோட்டாரைச் சட்டென நிறுத்த, வெளிவளையம் மட்டும் தன் சடத்துவத்தால் இன்னும் சற்றுச் சுழல்கிறது, முன்னோக்கித் துளையிடும்போது அந்தச் சுழற்சி தாடைகளைத் திறக்கும் திசையிலேயே அமைகிறது. இதைத் "தாடைத் தளர்வு" எனலாம்.

இரண்டாவதில் தாடைகள் இம்மியும் அசைவதில்லை. மூடியபடியே இருக்க, காம்பு மட்டும் வழுக்குகிறது. அலகைக் கழற்றிப் பார்த்தால் காம்பைச் சுற்றி மோதிரம் போன்ற கீறல்கள் பளபளக்கும். விளிம்பில் விரலை ஓட்டினால் எழுந்து நிற்கும் பிசிர் நெருடும். எண்ணெய்ப் பசை, தாடை முகப்பின் தேய்மானம், மெல்லிய அலகு மையத்தை விட்டு இரு தாடைகளுக்கு நடுவே சிக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதற்குக் காரணங்கள். இதற்குக் "காம்பு வழுக்கல்" என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவதில் கவ்வி அலகை நன்றாகவே பிடித்திருக்கும்; ஆனால் கவ்வியே சுழல்தண்டிலிருந்து புரி கழன்று வந்துவிடும். தாடைகளை முழுதும் விரித்தால் அடியில் தெரியும் இடப்புரித் திருகாணி இதைத் தடுக்கவே இருக்கிறது. அது தளர்ந்தாலோ இல்லாமற்போனாலோ, துளைப்பானை எதிர்த்திசையில் ஓட்டும்போது இது நேரும். "கவ்வி கழலல்" என்பதே இதற்குச் சரியான பெயர்.

நெகிழ்வு என்னும் அழகிய சொல்லை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கக்கூடும். வளை நெகிழ்ந்தது என்ற பழைய வழக்கு மிக அருமையானது. ஆனால் இன்றைய அறிவியல் தமிழில் நெகிழ்வு வளைந்துகொடுக்கும் தன்மையைக் குறிக்கிறது. நெகிழி என்பதோ பிளாஸ்டிக் பைகளின் பெயராகவே ஆகிவிட்டது. அங்கே பொருளை மறுபடி குழப்ப வேண்டாம்.

மறுமொழி:

ஐயா, வணக்கம். மூன்றாகப் பிரிப்பதை முழு மனத்துடன் ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும் கூற விரும்புகிறேன். "தாடைத் தளர்வு" என்று படிப்பவர் தாடை தேய்ந்து ஆடுகிறது என்றே கொள்வார். புதுத் தாடை வாங்கவும் முற்படுவார். அங்கே உண்மையில் பின்வாங்குவது வளையமும் அதனோடு இணைந்த மரையும்தாம். ஆகவே "வளையத் தளர்வு" எனலாமே? அந்தப் பெயரைக் கண்டவுடன் கை எங்கே போக வேண்டும் என்பதும் விளங்கிவிடும். வேறொரு நண்பர் தனிமடலில் இரண்டாவது கோளாறுக்குக் "காம்புச் சுழல்வு" என்று முன்மொழிந்தார். துளைக்குள் அலகு சிக்கும்போது காம்பு அசையாமல் நிற்க, அதைச் சுற்றிக் கவ்விதான் சுழல்கிறது. எனவே எது சுழல்கிறது என்று சொல்லாத உங்கள் "வழுக்கல்" சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது.

மறுமொழி:

அம்மா, வணக்கம். "வளையத் தளர்வு" மிகவும் பொருத்தமானது, அதையே கொள்வோம். மூன்றுக்கும் பொதுப்பெயராகப் "பிடியிழப்பு" நிற்கட்டும்.

சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லின் கீழும் அதற்குரிய செயலையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வளையத் தளர்வுக்குத் தாடைகளை முழுதும் விரித்துத் தூசியை ஊதி நீக்கி, வளையம் பின்வாங்காமல் தடுக்கும் பற்பூட்டுள்ள கவ்வியாயின் சொடுக்கொலி கேட்கும்வரை கையால் இறுக்குவது. காம்பு வழுக்கலுக்குக் காம்பைத் துடைத்து, பிசிரை அரத்தால் நீக்கி, மூன்று தாடைகளின் நடுவில் அலகு நிற்பதை உறுதிசெய்வது. மீண்டும் வழுக்கினால் அறுபட்டைக் காம்புடைய அலகுக்கு மாறுவது. கவ்வி கழலலுக்கு முதலில் கவ்வியைச் சுழல்தண்டில் இறுக்கி, பிறகு அந்த இடப்புரித் திருகாணியை இடப்பக்கம் திருப்பி முடுக்குவது. இதில் "இடப்பக்கம்" என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் இட வேண்டும். வழக்கமான திருகாணி என்று எண்ணி வலப்பக்கம் திருப்புபவர் அதைக் கழற்றிவிடுவார்.