‘ஆலமரத்து வீடு’ குரூப்: பெரியம்மாவுக்கு நாளைக்குக் கண் டாக்டர்

கார்த்தி, மாலை 7:04
நாளைக்கு 10 மணிக்கு அம்மாவுக்குக் கண் செக்கப். கண்ணுல பூச்சி பறக்குதாம். கண் அழுத்தத்துக்குப் போடற சொட்டு மருந்தும் ஓடிட்டிருக்கு. டாக்டர்கிட்ட என்னென்ன சொல்லணும்? மீனா இருக்கியா?

மீனா, 7:06
இருக்கேன்ண்ணா. முதல்ல அது என்ன பூச்சின்னு கேளுங்க. பசியில கண்ணு இருட்டினாலும் பூச்சி பறக்குதுன்னுதான் சொல்வோம். கறுப்பா நூலு, புள்ளி மிதக்குதா? ஓரத்துல மின்னல் வெட்டுதா? எந்தக் கண்ணு, எப்போலேர்ந்து?

மீனா, 7:07
திடீர்னு நிறைய புள்ளி, மின்னல், ஒரு பக்கம் திரை போட்ட மாதிரி இருட்டு, இதுல எது இருந்தாலும் நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். விழித்திரை கிழிஞ்சிருக்கலாம். இன்னைக்கே போகணும்.

செல்வி சித்தி, 7:08
ஐயோ

கார்த்தி, 7:15
கேட்டேன். வலது கண்ணாம். ரெண்டு மூணு நூலு, ரெண்டு வருஷமா அப்படியே இருக்காம், கூடலையாம். மின்னலும் இல்ல, திரையும் இல்ல.

மீனா, 7:17
அப்போ நாளைக்குப் போதும். இப்ப எழுதினீங்களே, அதையே டாக்டர்கிட்ட சொல்லுங்க. ‘பூச்சி பறக்குது’ன்னு மட்டும் சொன்னா அவர் இத்தனையும் ஒண்ணொண்ணா கேட்டு வாங்கணும்.

மீனா, 7:19
இன்னொண்ணு. வலது கண்ணுன்னு மூடிப் பார்த்துத்தான் சொன்னாங்களா? ரெண்டு கண்ணும் திறந்திருந்தா நல்ல கண்ணு மத்ததோட குறையை மறைச்சிடும். உள்ளங்கையைக் குழிச்சு மூடச் சொல்லுங்க, விரலால அழுத்தினா அந்தக் கண்ணே கொஞ்ச நேரம் மங்கிடும். கண்ணாடி போட்டுக்கிட்டு, தினசரி காலண்டர் தேதி தெரியுதா, ஜன்னல் கம்பி நேரா நிக்குதா நெளியுதான்னு பாருங்க. கம்பி நெளிஞ்சா அதைத்தான் முதல்ல சொல்லணும்.

செல்வி சித்தி, 7:22
கண்ணுல பூ விழுந்திருக்குன்னா புரைதானே மீனா?

மீனா, 7:24
புரைக்கும் பூன்னுவாங்க, கருவிழியில தழும்பு விழுந்தாலும் பூன்னுவாங்க சித்தி. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. நோய்க்குப் பேரு நாம வைக்க வேண்டாம். ஊசியில நூல் கோக்க முடியல, எதிர்ல வர்ற வண்டி லைட் சிதறுது, பஸ் போர்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னாப் போதும். ரெண்டா தெரிஞ்சா, ஒரு கண்ணை மூடினா சரியாகுதான்னும் பார்த்து வைங்க. கண்டிப்பா கேப்பாங்க.

ராஜு மாமா, 7:31
மாத்திரை அட்டையை எடுத்துட்டுப் போ மாப்ள. ‘வெள்ளையா, சின்னதா இருக்கும்’னா ஒண்ணும் புரியாது. கடையில அஞ்சு மாத்திரைன்னு வெட்டிக் குடுத்ததுல பேரே இருக்காது, அதுக்குச் சீட்டையும் வை. சொட்டு மருந்தும் மருந்துதான். மூக்கு வழியா ரத்தத்துல சேரும். கண் அழுத்தத்துக்குப் போடற டைமோலால் சொட்டு வீசிங்கைக் கிளப்பும், நாடித்துடிப்பைக் குறைக்கும். அக்காவுக்கு வீசிங் உண்டே, டாக்டர் கேக்காட்டியும் சொல்லிடு.

மீனா, 7:33
‘பிரஷர் இருக்கா’ன்னு கேட்டா எந்த பிரஷர்னு திருப்பிக் கேளுங்க. அவங்க கண் அழுத்தத்தைக் கேக்க, பெரியம்மா பிபியை நினைச்சு ‘மாத்திரையில கன்ட்ரோலா இருக்கு’ன்னுடுவாங்க 😄

கார்த்தி, 7:36
சொட்டு வாரத்துல ரெண்டு நாள் விட்டுப்போகுது. சொன்னா திட்டுவாரேன்னு அம்மா பயப்படறாங்க.

மீனா, 7:38
திட்டினாலும் சொல்லணும்ண்ணா. ஒழுங்கா போட்டும் கண் அழுத்தம் 24 காட்டுதுன்னு நினைச்சா, மருந்து பத்தலைன்னு இன்னொரு சொட்டு சேப்பாரு, லேசர், ஆபரேஷன்னு கூடப் போகும். பொதுவா 10லேர்ந்து 21க்குள்ள நார்மல்னு வச்சிருக்காங்க, ஆனா ஒவ்வொருத்தருக்கும் டாக்டர் குறி வைக்கிற நம்பர் வேற. பெரியம்மாவுக்கு எவ்வளவுன்னு கேட்டு எழுதிக்கங்க. செக்கப் இருக்கேன்னு இன்னைக்கு மருந்தை நிறுத்திடாதீங்க. கடைசியா எத்தனை மணிக்குப் போட்டதுன்னும் குறிச்சுக்கங்க.

கார்த்தி, 7:41
அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். புரை ஆபரேஷனுக்குத் தேதி கேக்கணும்.

ராஜு மாமா, 7:43
அத்தானுக்கு ஒண்ணுக்குப் போற தொந்தரவுக்கு டாம்சுலோசின் ஓடுதே? அதை முக்கியமா சொல்லு. கண்மணி சரியா விரியாது, ஆபரேஷன் நடுவுல கருவிழிக்குப் பின்னால இருக்கிற கறுப்புச் சவ்வு தொளதொளன்னு ஆடும். நிறுத்தினாலும் அந்தக் குணம் போகாது, அதனால நீயா நிறுத்தாதே. முன்கூட்டியே தெரிஞ்சா டாக்டர் அதுக்குத் தயாரா வருவாரு. ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடற மாத்திரையும் அப்படித்தான். நிறுத்தறதா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும்.

மீனா, 7:46
ஆபரேஷன்ல கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸோட விலைப் பட்டியல், கையெழுத்துப் பாரம் எல்லாம் கண்மணி விரிய சொட்டு போடறதுக்கு முன்னாடியே வாங்கிப் படிச்சிடுங்க. சொட்டு போட்டா நாலஞ்சு மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். பைக் வேண்டாம், ஆட்டோவில போங்க. ‘எந்த லென்ஸ் நல்லது’ன்னு கேக்காம, ‘இதைப் போட்டா கண்ணாடி இல்லாம எந்தத் தூரம் தெரியும், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேணுமா’ன்னு கேளுங்க.

கார்த்தி, 7:50
எல்லாம் எழுதிட்டேன். நன்றி மீனா, நன்றி மாமா.

ராஜு மாமா, 7:52
சொட்டு பாட்டில் என்னைக்குத் திறந்தது?

கார்த்தி, 7:55
அம்மாவுக்கு ஞாபகம் இல்லையாம். தீபாவளிக்கு முன்னாடியாம்.

ராஜு மாமா, 7:55
அது பொங்கலே தாண்டிடுச்சேடா! திறந்தா ஒரு மாசம்தான். நம்ம மருந்துக்கடை ராத்திரி 10 வரைக்கும் திறந்திருக்கும், பழைய பாட்டிலோட வா.