இரண்டாவது கேம் கன்சோல் வாங்கலாமா? டெல்டா வீடுகளின் அனுபவம்

தஞ்சாவூரிலிருந்து:

வணக்கம். எங்கள் வீட்டில் டிவியில் செருகி ஆடும் கேம் கன்சோல் ஒன்று இருக்கிறது, பிளேஸ்டேஷன் 5 (சுருக்கமாக பிஎஸ்5), டிஸ்க் போடும் வகை. மகன் பிளஸ் டூ முடிக்கப் போகிறான், மகள் எட்டாம் வகுப்பு. இருவரும் ஆடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்துவிடுவேன். சம்பா நெல் போட்ட பணம் இப்போதுதான் கொள்முதல் நிலையத்திலிருந்து கணக்குக்கு வந்தது. இன்னொரு கன்சோல் வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. மகன் இன்னொரு பிஎஸ்5 என்கிறான். மகள் நின்டெண்டோ ஸ்விட்ச் கேட்கிறாள். கடைக்காரர் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் எடுங்கள் என்கிறார். எதை எடுத்தாலும் பெரிய தொகை. இரண்டு வைத்திருப்பவர்களும், யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டவர்களும் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து:

அண்ணா, எங்களிடம் பிஎஸ்5, ஸ்விட்ச் இரண்டும் இருக்கின்றன. எப்படி வந்தது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டில் போட்டி எதற்கு என்று முதலில் பாருங்கள். எங்கள் வீட்டில் அது கன்சோலுக்கு இல்லை, டிவிக்கு. ஹாலில் ஒரே டிவி. சாயங்காலம் விளக்கு வைத்ததும் அம்மாவுக்கு சீரியல் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் இன்னொரு பிஎஸ்5 வந்தாலும் அதைச் செருக இடம் ஏது? கன்சோல் விலையோடு ஒரு டிவி விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதனால் டிவி இல்லாமல் ஆட என்ன வழி என்று பார்த்தேன். ரிமோட் பிளே செயலியைப் போனில் போட்டால், பிஎஸ்5 ஆட்டத்தை வைஃபை வழியாகப் போன் திரையிலேயே ஆடலாம். டிவியில் சீரியல் பாட்டுக்கு ஓடும். இது இலவசம். காசை எடுப்பதற்கு முன் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். இதற்கென்றே பிளேஸ்டேஷன் போர்ட்டல் என்று ஒரு கையடக்கக் கருவி 2024 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது, விலை 18,990 ரூபாய். ஆனால் அதைத் தனிக் கன்சோல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். வீட்டில் இருக்கிற பிஎஸ்5-இன் படத்தைத்தான் அது காட்டுகிறது. உங்கள் மகள் போர்ட்டலில் ஆடிக்கொண்டிருந்தால் அதே நேரம் மகன் டிவியில் வேறு ஆட்டம் ஆட முடியாது.

கரண்ட் போனால் பிஎஸ்5 ஆட்டமும் போர்ட்டல் ஆட்டமும் சேர்ந்து நின்றுவிடும். எனக்கு உறுத்தியது இதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது நம் யாருக்கும் மறக்காது. எங்கள் ஊரில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கரண்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. அப்போது எங்களிடம் பிஎஸ்4 இருந்தது. பள்ளிக்கூடமும் இல்லை, டிவியும் இல்லை. பிள்ளைகள் பகலெல்லாம் வாசலில் விழுந்த தென்னை மட்டைகளை இழுத்துக்கொண்டு சும்மா அலைந்தார்கள். அவ்வளவு பெரிய புயல் தினம் வராதுதான். ஆனால் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம் ஊர்க் கரண்டை நம்ப முடியாது. அது போக மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மாலை ஐந்துக்குத்தான் வரும்.

அதனால் ஸ்விட்ச் என்று முடிவு செய்தோம். அதற்குச் சொந்தத் திரையும் பேட்டரியும் உண்டு, டிவி இல்லாமல் கையில் பிடித்தே ஆடலாம். 2017-இல் வந்த முதல் வகையில் பேட்டரி இரண்டரை மணி நேரத்திலிருந்து ஆறரை மணி வரை நிற்கும் என்று நின்டெண்டோவே சொன்னது. 2019-இல் திருத்தி வந்த வகைக்கு நாலரையிலிருந்து ஒன்பது மணி வரை. பழையது வாங்குவதாக இருந்தால் எந்த வருடத்து வகை என்று கட்டாயம் கேளுங்கள், வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். டைப்-சி சார்ஜர் என்பதால் நல்ல பவர் பேங்க் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டலாம்.

ஸ்விட்ச்சுக்கு இந்தியாவில் அதிகாரப்பூர்வ விற்பனை கிடையாது. சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டிலிருந்து இறங்கிய சரக்கு. கம்பெனி வாரண்டியை எதிர்பார்க்கக் கூடாது. எங்களுக்கு மச்சான் சிங்கப்பூரிலிருந்து திருச்சி விமானத்தில் வரும்போது கொண்டுவந்தார். அங்கத்துப் பிளக் தடித்த செவ்வகக் கால் மூன்று உள்ளது. நம் சுவிட்ச் போர்டில் நுழையாது. ஒரு மாற்றுப் பிளக் வாங்கினால் போதும், மின்னழுத்தப் பிரச்சினை இல்லை. ஆட்டம் வாங்கவும் இந்தியாவுக்கென்று இ-ஷாப் (நின்டெண்டோவின் ஆன்லைன் கடை) இல்லை, அதனால் செருகி ஆடும் சின்ன கார்ட்ரிட்ஜாகவே வாங்குகிறோம். விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதற்கு ஈடாக, ஆடி முடித்ததை விற்றாலும் நல்ல விலைக்குப் போகிறது.

வந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்துவிடுவார்கள். களத்தில் நெல் காயும், பெரியவர்களுக்கு அந்த வேலை. பிள்ளைகள் திண்ணையில் ஸ்விட்சை நிறுத்தி வைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஜாய்-கான் என்ற இரண்டு சின்னக் கன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற கார் பந்தய ஆட்டம் ஓட்டினார்கள். ஒன்றைப் படுக்க வைத்துப் பிடித்தால் அது சின்னப் பிள்ளைகளின் கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். என் போன்றவர்களுக்குக் கட்டைவிரல் மடங்கி வலிக்கிறது. பழைய வகையில் பின்னால் இருக்கும் தாங்கி ஒரு ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை, அவ்வளவுதான். மேடு பள்ளமான திண்ணையில் நிற்காமல் சாய்ந்தது, கடைசியில் நெல் அளக்கும் மரக்கால் ஒன்றைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தோம். 2021-இல் வந்த ஓஎல்இடி வகைக்கு முதுகு முழுக்க அகலமான தாங்கி இருக்கிறது. இந்த மாதிரி ஆடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அதையே எடுங்கள். நாலு பேர் ஆடினால் பழைய வகையின் 6.2 அங்குலத் திரை நாலாகப் பிரிந்துவிடும், மூக்கு இடிக்க உட்கார வேண்டும்.

அப்பாயி எண்பது வயதைத் தாண்டியவர். பேரப்பிள்ளை கையில் திணித்த ஜாய்-கானை வாங்கி, வண்டியைத் திருப்ப உடம்பையே ஒரு பக்கம் சாய்த்து ஓட்டினார். பிஎஸ்5 ஹாலில் இத்தனை வருடம் ஓடியும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே இல்லை.

முதல் கன்சோலால் முடியாத ஒரு வேலைக்கு வாங்கினால் இரண்டாவது நிலைக்கும். அதே வேலைக்கு வாங்கினால் இரண்டில் ஒன்று தூசி படிந்து கிடக்கும் என்பது என் கருத்து.

நாகப்பட்டினத்திலிருந்து:

மன்னார்குடி அண்ணன் சொன்ன கடைசி வரியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்களிடம் இரண்டு பிஎஸ்5. ஒன்றும் தூசி படியவில்லை.

நானும் தம்பியும் ஒரே ஆட்டத்தை ஒரே அணியில் சேர்ந்து ஆடுகிறவர்கள். ஒரு திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி இப்போது எல்லா ஆட்டத்திலும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு பெட்டி இருந்தால்தான் இருவரும் ஆட முடியும். செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. ஆட்டத்தை என் கணக்கில் டிஜிட்டலாக, அதாவது டிஸ்க் இல்லாமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளும்படி வாங்குகிறோம். தம்பியின் பெட்டியில் என் கணக்கை ஒரு முறை நுழைத்து, செட்டிங்ஸில் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே' என்பதை இயக்கிவிட்டோம். அதற்குப் பிறகு அவன் தன் சொந்தக் கணக்கிலேயே அந்த ஆட்டத்தை ஆடலாம். நான் என் பெட்டியில் என் கணக்கில் ஆடுகிறேன். ஒரு முறை வாங்கியது இருவருக்கும் ஆகிறது. இணையத்தில் மற்றவர்களோடு ஆடுவதற்கான என் பிஎஸ் பிளஸ் சந்தாவும் அவன் பெட்டியில் செல்லும். ஒரு கணக்குக்கு ஒரு பிஎஸ்5-இல் மட்டும்தான் இப்படி இயக்க முடியும். என் பெட்டியில் இணையம் அறுந்தால் எனக்கு ஆட்டம் திறக்காது, அவனுக்குத் திறக்கும்.

டிஸ்க் வாங்குகிற வீட்டுக்கு இது உதவாது. ஒரு டிஸ்க்கை ஒரு நேரத்தில் ஒரு பெட்டியில்தானே போட முடியும். தஞ்சாவூர் அண்ணா, உங்கள் மகன் இன்னொரு பிஎஸ்5 கேட்கிறான் என்றால், இதுவரை வாங்கியது டிஸ்க்கா டிஜிட்டலா என்று அவனிடம் கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் கேபிள் முனையெல்லாம் பச்சை பூத்துவிடுகிறது. ஆடாமல் நாள்கணக்கில் கிடக்கும் பெட்டிக்குத்தான் இது அதிகம். கடலோரத்தில் இருப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையைப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

பழைய பிஎஸ்4 இருந்தால் விற்காதீர்கள் சார். அதுவே இரண்டாவது கன்சோல். கடையில் எக்ஸ்சேஞ்சுக்குக் கேட்டபோது சொன்ன விலைக்கு இரண்டு புது டிஸ்க்தான் வரும். அதற்கு நல்ல பெட்டியைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பிஎஸ்4 டிஸ்க் அனேகமாக எல்லாமே பிஎஸ்5-இலும் ஓடும், அதனால் வீட்டில் ஒரே டிஸ்க் அலமாரி போதும். பிஎஸ்4 கன்ட்ரோலரையும் பிஎஸ்5-இல் இணைக்கலாம். ஆனால் பிஎஸ்4 ஆட்டங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும், பிஎஸ்5 ஆட்டத்துக்கு ஏற்காது.

பிஎஸ்4 ஐந்து நிமிடத்தில் விசிறி இரைய ஆரம்பித்தால் பழுது என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வயல். அறுவடை மிஷின் இறங்கினால் நெல் சுணை காற்றோடு வீட்டுக்குள் வந்துவிடும். மூடியைத் திறந்து பார்த்தபோது விசிறிக்குப் பின்னால் உள்ள உலோகத் தகடுகளில் சுணையும் தூசியும் கம்பளித் துணி மாதிரி அடைத்திருந்தது. காற்று போக வழியே இல்லை. மெல்லிய பிரஷ்ஷால் பிரித்தெடுத்து, ஊதுகுழல் வைத்து ஊதி, சிப்பின் சூட்டைக் கடத்தும் வெப்பப் பசையை மாற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது. ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விடக் கூடாது. இப்போது அறுவடை நடக்கும் நாட்களில் மட்டும் துணி போட்டு மூடி வைக்கிறோம். ஓடும்போது மூடக் கூடாது, வெந்துவிடும்.

மயிலாடுதுறையிலிருந்து:

நாங்கள் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் 5,990 ரூபாய்க்கு இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கினோம், ‘இட் டேக்ஸ் டூ’ வாங்கினோம். அது இருவர் சேர்ந்து ஆடினால்தான் நகரும் ஆட்டம். அண்ணனும் தங்கையும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். கிரிக்கெட் 24-உம் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறார்கள். மீதிப் பணம் இன்வெர்டருக்குப் போனது. இன்வெர்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் வைத்தால் கரண்ட் போகும் நொடியில் கன்சோல் அணையாமல் தொடரும். சாதாரண மோடில் மாறுவதற்குள் அணைந்துவிடுகிறது, பாதியில் சேவ் ஆகிக்கொண்டிருந்தால் அது கெட்டுப் போகும். பெரிய ஆட்டங்களில் பிஎஸ்5 200 வாட் அளவுக்கு இழுக்கும், டிவி தனி. பேட்டரியில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மின்விசிறிக்கும் மிச்சம் வேண்டுமே.

திருவாரூரிலிருந்து:

தம்பி, நான் ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். எனக்கு ஆடத் தெரியாது, வாங்கிக் கொடுத்தது நான்.

உங்கள் மகன் பிளஸ் டூ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வருடம் கல்லூரி. விடுதியில் சேர்ந்தால் உங்கள் வீட்டில் ஆடுபவர் ஒருவர்தான் மிச்சம். எங்கள் பெரியவன் திருச்சிக்குப் படிக்கப் போனான். விடுதிக்கு பிஎஸ்5 கொண்டு போகட்டுமா என்று கேட்டான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடுமுறைக்கு வந்தால் அவன் ஆடுகிறான், மற்ற நாளில் சின்னவன். எந்தச் சண்டையும் இல்லை. அவன் எங்கே சேருகிறான் என்பது தெரியும்வரை பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என் அக்கா வீட்டில் இருக்கிறது, கோட்டூர்ப் பக்கம். 2020 நவம்பரில் வந்தபோது அதன் விலை 34,990. பெட்டி சின்னது, பையில் போட்டு எடுத்துப் போகலாம், கரண்டும் குறைவாக இழுக்கிறது. ஆனால் அதில் டிஸ்க் போடும் வாயே இல்லை, எல்லா ஆட்டத்தையும் இணையத்தில் இறக்க வேண்டும். 512 ஜிபி என்பார்கள், ஆட்டம் வைக்கக் கிடைப்பது 364 ஜிபி. பெரிய ஆட்டம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகிறது. அக்கா வீட்டில் அப்போது பைபர் லைன் வரவில்லை. நாளுக்கு 2 ஜிபி கிடைக்கும் செல்போன் பேக்கை வைத்துக்கொண்டு அதில் என்ன இறக்குவது? அவர்கள் மகன் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, ராத்திரி முழுக்க எங்கள் லைனில் இறக்கிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறுவான். நீங்கள் டவுனில் இருக்கிறீர்கள், உங்களுக்கு அந்தக் கஷ்டம் இருக்காது. ஆனால் பிள்ளைகள் லீவுக்குக் கிராமத்து வீட்டுக்குக் கொண்டு போவார்கள் என்றால் அங்கே என்ன லைன் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அப்புறம் கடைக்குப் போங்கள்.