ஃபிஃபி தீவுகளுக்கு ஒரே நாள் ஸ்பீட்போட் டூர்: போகலாமா, வேண்டாமா?

நாடோடிகுமார்
ஜூலை மூன்றாவது வாரம் தாய்லாந்தின் புக்கெட்டில் நான்கு நாள் இருக்கிறோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அறுபத்தைந்து வயது அம்மா. ஒரு நாளை ஃபிஃபி டூருக்கு ஒதுக்கலாமா என்று யோசனை. காலையில் ஹோட்டலுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறார்கள். மாயா பே, பிலே லகூன், குரங்குக் கடற்கரை, மூங்கில் தீவு எல்லாம் காட்டி, மதியச் சாப்பாடும் போட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். ஒரு நண்பர் கட்டாயம் போ என்கிறார். இன்னொருவர், ஆட்டுமந்தையை ஓட்டுவது போல ஓட்டுவார்கள், காசுக்குக் கேடு என்கிறார். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று
இரண்டாவது நண்பர் சொல்வதுதான் சரி. நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். வேனில் நாலு ஹோட்டல் சுற்றி ஆள் ஏற்றுவது, துறைமுகத்தில் கையில் பட்டை கட்டிக்கொண்டு காத்திருப்பது, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நடுவில் முப்பது நாற்பது பேர் இறங்கி ஏறும் நேரம் வேறு. உடம்பு தண்ணீரில் நனைவது மொத்தமாக எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? நீந்த ஆரம்பிக்கும்போது விசில் அடித்துவிடுவார்கள்.

அப்புறம் அந்த மாயா பே. விளம்பரப் படத்தில் படகு நேராக மணலில் போய் நிற்கும். இப்போது வளைகுடாவுக்குள் படகே போகக்கூடாது. தீவின் பின்பக்கம் லோ சமா என்ற இடத்தில் இறக்கிவிடுவார்கள், மரப்பாதையில் நடந்து போகவேண்டும். நீந்தவும் முடியாது, முழங்கால் ஆழத்தோடு சரி.

என் யோசனை: பெரிய ஃபெர்ரியில் ஃபிஃபி டான் என்ற பெரிய தீவுக்குப் போய் ஒரு ராத்திரி தங்குங்கள். விடியற்காலையில் டான்சாய் கரையில் உங்களுக்கென்று ஒரு லாங்டெயில் படகு (எஞ்சின் வைத்த நீள மரப்படகு) பேசிக்கொள்ளுங்கள். புக்கெட் படகுகள் வந்து சேரும் முன் பிலே லகூனுக்குள் போனால், இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை சுவர்போல நிற்க, நடுவில் பச்சைத் தண்ணீர். படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினால், பாறையில் ஊறி வரும் தண்ணீர் கடலில் சொட்டுவது கேட்கும். பத்து மணிக்குப் போனால் அதே இடத்தில் டீசல் வாடைதான்.

அலைமகள்
உப்புக்காற்று தனியாக முதுகுப்பையோடு போகிறவர் போல. இவர் அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு போகிறார், சார். நான்கு நாளில் பெட்டியைக் கட்டி, ஃபெர்ரி ஏறி, வேறு ஹோட்டலில் இறங்கி, மறுநாள் அதையே திரும்பச் செய்தால் இரண்டு நாள் போச்சு.

லாங்டெயில் பார்க்க அழகு. ஏறிப் பாருங்கள். தண்ணீரில் நின்றபடி, ஆடுகிற படகின் ஓரத்தில் தொங்கும் சின்ன ஏணியில் காலை வைத்துத் தூக்கவேண்டும். மூட்டு வலிக்காரர்கள் என்ன செய்வார்கள்? டூர் படகில் கைபிடிக்க இரண்டு பையன்களாவது இருப்பார்கள்.

மாயா பே கட்டுப்பாட்டைக் குறையாகச் சொல்வது எனக்குப் புரியவேயில்லை. ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் வரை மிதித்துப் பவளத்தையே அழித்த இடம் அது. 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது கரையோரம் கருந்துடுப்புச் சுறாக் குட்டிகள் சுற்றுகின்றன. எட்டு வயதுப் பையனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

உப்புக்காற்று
//கைபிடிக்க இரண்டு பையன்களாவது இருப்பார்கள்//

ஏறும்போது பிடிப்பார்கள். அலை மோதும்போது யார் பிடிப்பது? குமார் போவது ஜூலையில், அலைமகள். மே முதல் அக்டோபர் வரை அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று. ஸ்பீட்போட் அலைமேல் ஏறி 'டமார்' என்று விழும்போது முதுகெலும்பு வரை இறங்கும். கர்ப்பிணிகளையும் முதுகுப் பிரச்சினை உள்ளவர்களையும் டூர்காரர்களே ஏற்றுவதில்லை. 2018 ஜூலை 5 அன்று புக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு புயல்காற்றில் கவிழ்ந்து 47 பேர் இறந்ததும் இதே மாதத்தில்தான்.

கணக்குப்பிள்ளை
சரி, பயமுறுத்தியாயிற்றா? ஜூலையில் தினமும் புயல் அடிப்பதில்லை. அலை பெரிதாக இருந்தால் சின்னப் படகுகளை விடமாட்டார்கள், டூர் ரத்தாகும். அதனால் குமார், கடைசி நாளுக்குப் பதிவு செய்யாதீர்கள். முதல் அல்லது இரண்டாம் நாளில் வையுங்கள், ரத்தானால் தள்ளிப்போட இடமிருக்கும். பணம் திரும்பத் தருவார்களா, வேறு நாள்தானா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபிஃபி தேசியப் பூங்காவுக்குள் வருகிறது, அதன் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட், சிறுவர்களுக்கு 200. மலிவாகத் தெரிகிற டூரில் இது சேராது, துறைமுகத்தில் தனியாகக் கேட்பார்கள். லாங்டெயிலில் போனாலும் இதைக் கட்டத்தான் வேண்டும், உப்புக்காற்று அதைச் சொல்லவில்லை.

முன்பக்கம் காற்று நன்றாக வரும் என்று எல்லோரும் ஓடுவார்கள். நீங்கள் பின்பக்கம் உட்காருங்கள், குலுக்கல் குறைவு. வாந்தி மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பாவது போடவேண்டும். தலை சுற்றிய பிறகு போட்டால் மாத்திரையும் கடலுக்குத்தான் போகும்.

பவளமல்லி
படகு எது என்று சண்டை போடுகிறீர்கள். தண்ணீரில் இறங்கிய பின் நடப்பதை யாரும் பேசவில்லை. நான் போன டூரில் வழிகாட்டியே ரொட்டித் துண்டுகளைக் கையில் கொடுத்தார். மஞ்சள் வரி மீன்கள் மொய்த்தன, எல்லோரும் படம் எடுத்தார்கள். நீச்சல் கண்ணாடியோடு கீழே பார்த்தால் உடைந்த பவளத் துண்டுகள், மேலே பாசி படிந்து சாம்பல் நிறத்தில். மீனுக்குத் தீனி போடுவது பூங்காவில் தடை என்று சொன்னால் சிரித்தார். ஸ்பீட்போட்டோ லாங்டெயிலோ, மீனுக்கு ரொட்டி கொடுப்பீர்களா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

சன்ஸ்கிரீன் குப்பியில் பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களில் அவை தடை, அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. முழுக்கை நீச்சல் சட்டை போட்டால் வேலை முடிந்தது. முதுகுதான் முதலில் வெந்துபோகும்.

குரங்குக் கடற்கரையில் பையனை இறக்கவே வேண்டாம். கடித்தால் ரேபிஸ் ஊசி போடவே மிச்ச நாள் போய்விடும்.

அலைமகள்
குரங்கு விஷயத்தில் பவளமல்லி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், படகிலிருந்து பார்த்தால் போதும். ரொட்டிக்காக டூரையே குறை சொல்வதில் அர்த்தமில்லை.

உப்புக்காற்று
குமார் ஜூலையை மாற்ற முடியாது, தீவில் தங்கவும் முடியாது என்றால் ஃபிஃபியை விடுங்கள். புக்கெட்டுக்கு வடகிழக்கே இருக்கும் பாங்ஙா வளைகுடாவுக்குப் போங்கள். மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்ததால் பருவமழையிலும் தண்ணீர் பெரும்பாலும் அமைதி. பெரிய படகு, கழிவறை உண்டு. கடல் ஏற்றவற்றம் பார்த்து ரப்பர் படகில் குகைக்குள் கூட்டிப்போவார்கள். சில இடத்தில் பாறை மூக்கை உரசும், மல்லாந்து படுத்துக்கொண்டுதான் போகவேண்டும். உள்ளே வந்தால் மேலே வானம் திறந்த குளம். அம்மாவும் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை
அந்தத் தண்ணீர் சதுப்புநிலக் கலங்கல். மீன் பார்க்க வேண்டுமென்று பையன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? அங்கே இருக்கும் ஜேம்ஸ் பாண்ட் தீவில் நினைவுப்பொருள் கடைகளுக்கு நடுவே நிற்கிற கூட்டம் மாயா பேயில்கூட இருக்காது.

நாடோடிகுமார்
எல்லோருக்கும் நன்றி. இத்தனையையும் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். குகைக்குள் மல்லாந்து படுத்துப்போவது பிடித்துவிட்டது, குலுங்குகிற படகு வேண்டாம் என்கிறார். அதனால் இரண்டாம் நாள் அம்மாவும் மனைவியும் பாங்ஙா, நானும் பையனும் ஸ்பீட்போட்டில் ஃபிஃபி. ரத்தானால் நாங்களும் மூன்றாம் நாள் பாங்ஙா.

உப்புக்காற்று
பாதி ஜெயித்தேன். அதிகாலை ஆறு மணிக்குக் கிளம்பும் டூர் இருக்கிறதா என்று கேளுங்கள், ஒன்பது மணிக்காரர்களோடு சேராதீர்கள்.

அலைமகள்
எட்டு வயதுப் பையனை நாலரைக்கு எழுப்பச் சொல்கிறார். பையன் அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், குமார். பெரியவர்களுடையதைப் போட்டால் தண்ணீரில் தோளைவிட்டு மேலே ஏறிவிடும்.