தனியாளாகக் குட்டிகளோடு தீம் பார்க்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கோவை அம்மா:

வீட்டுக்காரர் தோஹாவில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அதனால் பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவதென்றாலும் நான் ஒருத்திதான். பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு மூன்று. போன மாதம் கொச்சியில் இருக்கும் வொண்டர்லா தீம் பார்க்குக்குப் போய் வந்தோம். ஜோடியாகப் போனவர்கள் சொல்லும் யோசனைகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. "ஒருத்தர் வரிசையில் நில்லுங்க, இன்னொருத்தர் சாப்பாடு வாங்குங்க" என்று ஆரம்பிப்பார்கள். அந்த இன்னொருத்தர் இல்லாத வீடுகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் சாயங்காலமே ரயிலேறி ஆலுவாவில் தங்கிவிட்டோம். விடிகாலையில் எழுப்பி ரயிலேற்றினால் சின்னவன் மத்தியானத்துக்கு மேல் அழ ஆரம்பித்துவிடுவான், அப்புறம் அவனைத் தூக்கிக்கொண்டு அலைய ஆள் கிடையாது. அங்கே டிக்கெட் வயசுக்கு இல்லை, உயரத்துக்கு. 85 செ.மீ.க்குக் கீழே இலவசம், 140 வரை சிறுவர் டிக்கெட். வீட்டுக் கதவு நிலையில் கோடு போட்டு அளந்துவிட்டுப் போங்கள். டிக்கெட் காசுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு ரைடு வாசலிலும் அளவுகோல் வைத்திருப்பார்கள். எது முடியும், எது முடியாது என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போனால் வாசலில் வந்து அழுகை வராது.

தண்ணீரில் நைலான் உடை இருந்தால்தான் விடுவார்கள், காட்டன் கூடாது. குட்டிகளுக்கான ஆழமில்லாத குளத்தில் இரண்டு பேரையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதிக நேரம் அங்கேதான் இருந்தோம். அலைக்குளத்துப் பக்கம் நான் போகவே இல்லை. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று நிற்கிறவளால் அலை வரும்போது நெரிக்கும் கூட்டத்தைத் தாங்க முடியாது. மூழ்குகிற பிள்ளை சினிமாவில் மாதிரி கையை ஆட்டிக் கத்தாது, சத்தமே வராது. காவலுக்கு ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில் இரண்டு பிள்ளைகளை ஒருத்தி இறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது என் கேள்வி. பெரியவளுக்குப் பல ரைடுகளுக்கு உயரம் சரியாக இருந்தது. ஆனால் அவளோடு நான் ஏறினால் சின்னவன் யாரிடம்? தனியாக அனுப்ப மனசு வரவில்லை. ஒரு ராட்டின வரிசைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பிள்ளைகள் அப்பாவோடு ஏறுவதைப் பார்த்தாள். "போகலாமாம்மா"ன்னு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எட்டு வயசிலேயே கேட்கக் கூடாது என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

பெரிய பிள்ளைக்கு உரிய பங்கை எப்படிக் கொடுக்கிறீர்கள்?

உட்லண்ட்ஸ் அப்பா:

சகோதரி, உங்கள் பெண் கம்பியைப் பிடித்து நின்றதைப் படித்ததும் என் மகன்தான் கண்ணில் வந்தான். என் மனைவி தவறிப்போன பிறகு பிள்ளைகள் இருவரையும் நான்தான் வளர்க்கிறேன். நாங்கள் போவது சிங்கப்பூரில் செந்தோசாத் தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ்.

இந்த மாதிரி இடங்களில் 'சைல்ட் ஸ்விட்ச்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. அப்பா ரைடில் ஏறும்போது அம்மா குழந்தையோடு காத்திருப்பார். அவர் இறங்கியதும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் அம்மா ஏறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே உதவுவது 122 செ.மீ. என்ற உயரக் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடில் 102 செ.மீ. இருந்தால் துணையோடு ஏறலாம், 122 ஆகிவிட்டால் துணை தேவையில்லை. மம்மி ரைடுக்கு ஆரம்பமே 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரைடுக்கு 125. மகன் 122-ஐத் தாண்டும்வரை அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை. தாண்டியதும் அவனைத் தனியாகவே அனுப்பினேன்.

அனுப்புவதற்கு முன் அவனோடு பேசி வைத்துக்கொண்டது இதுதான். முதலில் மூன்று பேருமாக நடந்துபோய் வெளியே வரும் வழியைப் பார்ப்போம். பெரும்பாலும் அது ஒரு கடைக்குள் போய்த்தான் முடியும். அந்தக் கடையில் காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் நானும் தங்கச்சியும் நிற்போம், நகர மாட்டோம். கழிவறைக்குக்கூடப் போக மாட்டோம். ரைடு நடுவில் நின்றால் சீருடை போட்டவர் சொல்வதைக் கேட்க வேண்டும். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், வரிசையில் நின்ற பிள்ளையைத் திருப்பி அனுப்பினால் நுழைந்த வழியாகவே வருவான். அப்படி நடந்தால் நேராக அதே கடைக்கு வர வேண்டும். இதை அவன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் அனுப்பினேன்.

வெளியே வந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேச்சே வரவில்லை, என் சட்டையைப் பிடித்துக் குலுக்குகிறான். உங்கள் பெண்ணுக்கும் எட்டு வயசு ஆகிறது. எந்த ரைடுக்குத் துணை தேவையில்லை என்று நுழைவாசலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தைரியமாக அனுப்பலாம்.

தாம்பரம் அப்பா:

நான் சொல்ல வருவது ரைடு பற்றி அல்ல. உடை மாற்றும் அறை.

நானும் மனைவியும் பிரிந்துவிட்டோம். சனி, ஞாயிறு மகள் என்னோடு இருப்பாள். ஆறு வயசு. தண்ணீர் விளையாட்டென்றால் உயிர். ஒரு பார்க்குக்குக் கூட்டிப்போனேன், பெயர் வேண்டாம். விளையாடி முடித்து ஈரத்தோடு நடுங்குகிறாள். ஆண்கள் அறைக்குள் எட்டிப் பார்த்தால் இருபது பேர் துண்டோடு நிற்கிறார்கள். பெண்கள் அறைக்குள் நான் போக முடியாது, அவளைத் தனியாக உள்ளே அனுப்பவும் முடியாது. இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்றோம். அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு அக்கா பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சாத்தி வைத்தார். "இங்க வாங்க தம்பி"ன்னு சொல்லி, சாமான் வைத்திருந்த சின்ன அறையைத் திறந்துவிட்டு, வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது வேலையே இல்லை. நன்றி சொன்னதற்கு, "எனக்கும் பேத்தி இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு என் அம்மா இரண்டு பெரிய துவாலைகளைச் சேர்த்துத் தலைவழியாக மாட்டுகிற மாதிரி ஒரு கவுன் தைத்துக் கொடுத்தார். கழுத்துக்கு ஓட்டை, பக்கவாட்டில் பிரஸ் பட்டன். அதை மாட்டிவிட்டால் உள்ளுக்குள்ளேயே ஈர உடையைக் கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொள்வாள், எங்கே நின்றும் மாற்றலாம். பெண் பிள்ளையைக் கூட்டிப்போகும் அப்பாக்கள் எல்லோரும் ஒன்று தைத்து வைத்துக்கொள்ளுங்கள். மகனைக் கூட்டிப்போகும் அம்மாக்களுக்கும் பையன் கொஞ்சம் வளர்ந்ததும் இதே சிக்கல்தான்.

ஆனாலும் துவாலையோடு விடக்கூடிய விஷயமா இது? 2015-ல் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். வேண்டும் என்று நினைத்ததால் வந்தது. அப்பாவும் மகளும் போய் உடை மாற்ற, தாழ்ப்பாள் போட்ட ஒரே ஒரு அறை போதும். பார்க்குக்குப் போகும் ஒவ்வொருவரும் வெளியே வரும்போது கருத்துப் புத்தகத்தில் இதை எழுதிவிட்டு வாருங்கள். நான் எழுதினேன். எல்லோரும் எழுதினால்தான் அசைவார்கள்.

லாச்சப்பல் அம்மா:

நாங்கள் பாரிஸ். அவருக்குச் சனி ஞாயிறும் ரெஸ்டோரன்ட் வேலை. பிள்ளையளை டிஸ்னிலாண்டுக்குக் கூட்டிக்கொண்டு போறது நான் ஒராள்தான். ரயிலுக்குப் பயப்பட வேண்டாம். ஷத்தலே ஸ்டேசனில மாறி, ஆர்இஆர் எண்ட புறநகர் ரயிலில 'ஆ' லைன் எடுத்தால் கடைசி ஸ்டேசன் ஷெசி. இறங்கினால் எதிரிலயே வாசல். மூண்டு வயதுக்குக் கீழ டிக்கெட் இல்லை. தள்ளுவண்டில் இல்லாமல் மட்டும் போகாதேங்கோ, அஞ்சு வயதுப் பிள்ளையும் பின்னேரம் அதிலதான் நித்திரை. மழை வந்தால், பார்க்குக்குள்ள போனதும் வாற முன் தெருவுக்கு ரெண்டு பக்கமும் கூரை போட்ட நடைபாதை இருக்கு. கனபேருக்கு அது தெரியாது, எல்லாரும் வெளியில நனைஞ்சுகொண்டு ஓடுவினம். அதுக்குள்ள வண்டிலை விட்டுட்டு தின்ன ரோல்ஸைக் குடுத்தால் பிள்ளையள் சத்தமில்லாமல் இருக்கும்.

கோவை அக்கா கேட்டதுக்கு வாறன். பிக் தண்டர் மலை ரயிலுக்கு 102 செ.மீ. வேணும். மூத்தவனுக்குச் சரி, இளையவளுக்குக் காணாது. வரிசை வாசலில அல்ஜீரியாக்காரப் பொம்பிளை ஒராள், அவவும் தனிய ரெண்டு பிள்ளையளோட நிண்டா. கனநேரம் கதைச்சம். பேந்து அவவே கேட்டா. அவ தன்ர மகளையும் என்ர மூத்தவனையும் கூட்டிக்கொண்டு ஏறினா, நான் ரெண்டு சின்னனுகளோடயும் கீழ நிண்டன். என்ர பிள்ளை அவவிட்ட, அவவின்ர பிள்ளை என்னட்ட. அதைவிட என்ன உத்தரவாதம் வேணும்? மனுசரை நம்பலாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

கோவை அம்மா:

லாச்சப்பல் அக்கா, நீங்கள் எழுதியதைப் படிக்க மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் என்னால் முடியாது. பார்த்து ஒரு மணி நேரமான ஒருவரிடம் என் பிள்ளையை விட மாட்டேன், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். இதில் நான் பிடிவாதக்காரி.

உட்லண்ட்ஸ் அண்ணா சொன்ன வழி எனக்கு ஒத்துவரும். வெளிவாசலை முதலில் காட்டுவது என்னும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. சின்னவனைப் பாலக்காட்டில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, பெரியவளை மட்டும் ஒரு நாள் தனியாகக் கூட்டிப்போகவும் முடிவு பண்ணிவிட்டேன். அம்மாவிடம் பேசிவிட்டேன். மகளிடம் சொன்னதும் "தம்பி அழுவானே" என்றாள். அழட்டும், பாட்டி பார்த்துக்கொள்வார்.

காரைக்குடி அத்தை:

பேரப்பிள்ளைகளை நானே தனியாகக் கூட்டிப்போகிறவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். பிள்ளை கையில் போன் நம்பர் எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பேனாவில் எழுதினால் குளத்தில் இறங்கியதும் போய்விடும். காகிதத்தை ஜோபியில் வைத்தால் நைலான் உடைக்கு ஜோபியே இல்லை. நான் முதல் நாள் ராத்திரி மருதாணி கோனால் முழங்கைக்குக் கீழே உட்பக்கம் நம்பரை எழுதிவிடுவேன். காய்ந்து உதிர்ந்தபின் காலையில் சிவந்திருக்கும், எவ்வளவு தண்ணீரில் ஊறினாலும் அழியாது. பையன்களும் ஆசையாக நீட்டுகிறார்கள். இலக்கங்களைப் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுங்கள், மெல்லிதாக எழுதினால் 1-ம் 7-ம் ஒன்றுபோல ஊறிவிடும்.

கோன் வாங்கும்போது மட்டும் கவனம். உடனே கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கும் கறுப்பு மருதாணி வேண்டவே வேண்டாம். அதில் தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்கிற ரசாயனம் கலந்திருக்கும், குழந்தைத் தோல் கொப்பளித்துவிடும். இலையை அரைத்துக் கோனில் அடைத்துக்கொண்டால் நல்லது. முடியாவிட்டால் சிவப்பாகப் பிடிக்கும் சாதாரணக் கோனை இரண்டு நாள் முன்னதாகவே ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.