எடின்பரோவிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் காரில்: எங்கே நிறுத்தலாம், என்ன சாப்பிடலாம்?

கிளம்பியாச்சு:
ஜூன் கடைசியில் எடின்பரோவில் வாடகைக் கார் எடுத்து வடக்கே கடலோரமாகப் போவதாக இருக்கிறோம். நான், கணவர், பையன், மாமியார். கேட்டவர்கள் எல்லோரும் ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையைச் சுற்றிவரும் என்சி 500 சாலை என்கிறார்கள், அது 516 மைல் என்று சொன்னதும் மாமியார் "நான் ரூமிலேயே இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்றுவிட்டார். கணவருக்குக் கோட்டை, கொத்தளம் எதுவும் வேண்டாம், மீன் மட்டும் போதும். பையன் சிப்ஸ் தவிர எதையும் தொடமாட்டான். மாமியார் சைவம், முட்டை மட்டும் பரவாயில்லை. இந்தக் கும்பலுக்கு ஏற்ற வழி சொல்லுங்கள். இந்திய லைசன்ஸ் செல்லுமா?

டண்டீ தம்பி:
அக்கா, என்சி 500-ஐ இந்த முறை விட்டுவிடுங்கள். வடக்கு, மேற்குப் பக்கம் பாதி ஒற்றைத் தடம், எதிரே ஒரு கேம்பர் வேன் வந்தால் ஒதுங்க இடம் தேடி ரிவர்ஸ் எடுப்பதிலேயே பொழுது போய்விடும். கிழக்குக் கரைதான் மீன் தின்பவர்களுக்கு. குவீன்ஸ்ஃபெரி பாலத்தைத் தாண்டினால் ஃபைஃப் வட்டாரம் (டோல் கிடையாது). அங்கே மோட்டார்வேயை மறந்துவிட்டு ஏ917-ஐப் பிடியுங்கள். செயின்ட் மோனன்ஸ், பிட்டன்வீம், ஆன்ஸ்ட்ரூதர், கிரெய்ல் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு குட்டித் துறைமுகம். ஆன்ஸ்ட்ரூதரில் ஃபிஷ் சப்பர் வாங்கிக்கொண்டு துறைமுகச் சுவரில் உட்காருங்கள். ஃபிஷ் சப்பர் என்றால் மீனும் சிப்ஸும்தான், மதியம் சாப்பிட்டாலும் பெயர் அதுதான். காட் மீன் கேட்காதீர்கள், ஸ்காட்லாந்தில் ஹாடக் மீன்தான் ராஜா. கடற்காகங்களிடம் மட்டும் ஜாக்கிரதை, பையன் கையிலிருக்கும் சிப்ஸைக் கேட்டுக்கொண்டு எடுக்கமாட்டா.

அப்புறம் டே பாலம் வழியாக டண்டீ, அங்கிருந்து ஏ92-இல் ஆர்ப்ரோத். உங்கள் கணவர் வந்ததே அங்கே கிடைக்கும் ஸ்மோக்கி என்ற புகைமீனுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாடக்கைத் தலையெடுத்து, சுத்தம் செய்து, உப்பில் வைத்து, வாலோடு வால் சேர்த்து ஜோடி ஜோடியாகக் கட்டிக் கம்பில் தொங்கவிடுவார்கள். கீழே கட்டை நெருப்பு, மேலே ஈரச் சாக்கு. புகையும் ஆவியும் சேர்ந்தே மீனை வேகவைத்துவிடும். தோல் செம்பு நிறத்துக்கு வந்திருக்கும், சுடச்சுட வாங்கி விரலால் தோலை உரித்து நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் முழுசாகக் கையோடு வந்துவிடும். தட்டு, ஃபோர்க் ஒன்றும் வேண்டாம். ஆர்ப்ரோத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் செய்தால்தான் ஆர்ப்ரோத் ஸ்மோக்கி என்று விற்கலாம், 2004-இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள்.

மேற்குக்கரைக் கட்சி:
கிழக்கே போனால் ஹாடக், ஹாடக், மறுபடி ஹாடக். மேற்கே ஓபன் என்ற ஊருக்கு வாருங்கள், படகுத்துறையிலேயே பச்சைக் குடிசை மாதிரி ஒரு கடை, நண்டும் சிப்பியும் நின்றபடியே சாப்பிடலாம். மழையும் மிட்ஜ் கொசுவும் இலவசம் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

டண்டீ தம்பி:
ஜூனில் மிட்ஜுக்கு மாமியாரை விருந்து வைக்கச் சொல்கிறீர்களா? :) ஹாடக் ஒரே மீன்தான், ஊருக்கு ஊர் வேறு சாப்பாடு. ஸ்மோக்கி புகையிலேயே வெந்தது, அப்படியே சாப்பிடலாம். அபர்டீனுக்குத் தெற்கே ஃபிண்டன் என்ற கிராமத்தின் பெயரில் இருக்கும் ஃபின்னன் ஹாடி வேறு வகை, வேகாமல் புகை மட்டும் ஏறியது, அதைச் சமைத்தாக வேண்டும். அதோடு உருளைக்கிழங்கும் வெங்காயமும் போட்டுப் பாலில் கொதிக்கவைத்தால் கல்லன் ஸ்கிங்க் என்ற சூப். எல்லா ஊரிலும் கிடைக்கும், ஆனாலும் அபர்டீனைத் தாண்டிக் கல்லன் வரைக்கும் போய்க் குடியுங்கள், பக்கத்தில் போர்ட்நாக்கியில் கடலுக்குள் நிற்கும் போ ஃபிடில் பாறையையும் பார்த்துவிடலாம்.

கிளம்பியாச்சு:
கணவர் இப்போதே பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார். சரி, மாமியார்?

ஸ்டோன்ஹேவன் வாசி:
முதலில் சிப்ஸ் விஷயம், யாரும் சொல்லமாட்டார்கள். இங்கே நிறையக் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். எண்ணெயா, கொழுப்பா என்று கேட்டுவிட்டு வாங்கிக் கொடுங்கள். பருப்பு சூப் என்று எழுதியிருந்தாலும் பன்றி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம், அதையும் கேளுங்கள். அபர்டீன் பட்டரி என்ற தட்டை ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். பயப்படவும் வேண்டாம், ஹாகிஸ் என்பது ஆட்டு உள்ளுறுப்பில் செய்வது, ஆனால் சைவ ஹாகிஸ் இப்போது எங்கும் கிடைக்கிறது, ஓட்ஸ், பருப்பு, பயறு, மிளகுக் காரம், டர்னிப் மாதிரியான சுவீடு கிழங்கைப் பிசைந்ததோடு நன்றாகவே இருக்கும். இனிப்புக்கு டேப்லெட்: சர்க்கரை, கண்டென்ஸ்டு மில்க், வெண்ணெய், அவ்வளவுதான். பால்கோவாவைக் கல்லாக்கியது போல இருக்கும். மாமியார் கட்சி மாறிவிடுவார்.

பையனை எங்கள் ஊரில் நிறுத்துங்கள், மார்ஸ் சாக்லேட்டை மீன் மாவில் தோய்த்துப் பொரிக்கும் திருவிளையாடல் 1990-களில் இங்கேதான் ஆரம்பித்தது. ஒன்றை நாலு பேர் பகிர்ந்தால் போதும், அதற்கு மேல் என்னால் பொறுப்பேற்க முடியாது. பக்கத்தில் இருக்கும் டனாட்டர் கோட்டைக்கு உள்ளே போக நிறையப் படி இறங்கி ஏற வேண்டும், மாமியாருக்கு மேட்டிலிருந்து பார்த்தாலே போதும், சொல்லப்போனால் படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

லைசன்ஸ்: இந்திய லைசன்ஸில் 12 மாதம் வரை ஓட்டலாம், வாடகைக் கம்பெனி தனி நிபந்தனை வைத்திருக்கும், புக் செய்யும்போதே பாருங்கள். குடித்துவிட்டு ஓட்டும் அளவு இங்கே இங்கிலாந்தைவிடக் குறைவு, 2014 டிசம்பரிலிருந்து 100 மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம், ஆகவே ஓட்டுபவர் டிஸ்டிலரியில் மோந்து மட்டும் பார்க்கட்டும். சின்ன ஊர்களில் இரவு எட்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிடுவார்கள், வெளியே பத்து மணிக்கும் வெளிச்சமாக இருப்பதால் நேரம் போவதே தெரியாது.

டண்டீ தம்பி:
ஒன்று விட்டுப்போச்சு. ஸ்மோக்கியைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக் காரில் வைத்துவிடாதீர்கள் அக்கா, வாக்குவம் பேக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்யும் கட்டணம் தனியாக வரும்.